ஓரத்தில் இருந்த பக்க எண்கள்

ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை. காலையில் எழுந்ததும் வழக்கம்போல முதலில் அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் கோழிக் கூண்டைத் திறந்துவிட்டு, வெளிக் குழாயின் கீழே வாளியை வைத்தேன். வாளி நிரம்பும் நேரத்தில் இரவுப் பாத்திரங்களைக் கழுவி முடித்தேன். பிறகு ரொட்டி, கட்டைச் சம்பல்.

எல்லாம் ஆனபிறகு கணினியின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன். கோப்பைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் இரவே பென்டிரைவில் பிரதி எடுத்திருந்தேன். இருந்தாலும் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

அன்று நாங்கள் அப்புத்தளையிலிருந்து பதுளைக்குப் போக வேண்டும். மாஸ்டரின் ஆய்வேட்டை அச்செடுத்துக் கட்டக் கொடுக்கும் நாள்.

மாஸ்டர் என்பது என் கணவர் யோகராஜா. தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பித்தவர். ஊரே மாஸ்டர் என்று சொல்வதால் எழுதும்போது எனக்கும் அதுவே வருகிறது. வீட்டில் ‘என்னாங்க’தான்.

ஐம்பது வயதைக் கடந்தபிறகு எம்.பில். என்கிற முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தார். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “பட்டம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும் சரசு. என் பேர்ல கட்டின புத்தகம் ஒண்ணு கையில இருக்கணும். மொதப் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நானே ஒக்காந்து வாசிக்கணும்.”

அன்று காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மறுபடியும் அதையே சொன்னார். படி இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டுத் தடுமாறினார். “செருப்பு தேஞ்சு போச்சு” என்றார். பதுளையில் செருப்பும் வாங்க வேண்டும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மலைகளின் பெயர்கள்

பதுளைக் கடையில் நடந்ததைச் சொல்லுமுன், அந்த ஆய்வேட்டில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் ‘மலை’ என்றால் கொழுந்து பறிக்கும் ஒரு பகுதி. தோட்டத்து ஆபீஸில் அவற்றுக்கு எண்கள் மட்டும்தான். நான் அந்த ஆபீஸில் பல வருடங்கள் டைப்பிஸ்டாக இருந்தவள். ஐந்தாம் நம்பர், ஏழு ஏ, ஏழு பீ என்று அடித்து அடித்து எனக்கு அந்த மலைகள் எண்களாகவே தெரியும்.

ஆனால் அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஏழு ஏ என்றால் தெரியாது. அது தொரச்சாணி மலை. ஏழு பீ, லொறி கவுந்த மலை. இன்னொன்று ஒத்தக்கல்லு மலை. இப்படி ஊவா மாகாணத் தோட்டங்களின் மலைகளுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கும் கதையையும் சேர்ப்பதுதான் மாஸ்டரின் ஆய்வு.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் நடப்போம். பிளாஸ்கும் குடையும் என் கையில். ரெக்கோடரும் பையும் அவர் கையில். தெமோதரையில் இறங்கி ஒரு தோட்டம், மறு வாரம் நமுனுகுல பக்கம் ஒன்று.

நமுனுகுலவில் ஒரு நாள். பெண்கள் கொழுந்து நிறுக்கக் காத்துக்கொண்டு நின்றார்கள். பாக்கியம் என்று ஒரு பெண், வாய் ஓயாதவள், மாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“தாலி தொலைஞ்ச மலைன்னு எழுதிக்கிட்டீங்களே மாஸ்டர், யாரு தாலின்னு கேக்கலியே?”

“யாரு தாலிங்க அது?”

“எங்க மாமியா தாலிதான். ஆனா தொலைஞ்சது இங்க இல்ல, அடகுக் கடையில. மாமாகிட்டச் சொன்ன எடம்தான் இந்த மலை.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தார். அடுத்த நொடி கானுக்குள் இருந்தார். கான் என்பது தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய வடிகால். முழங்கால் ஆழம். முழங்கை சிராய்த்துவிட்டது.

“மாஸ்டர் பேரத் தேடுறாரா, கானத் தேடுறாரா?” என்று பாக்கியம் கைகொடுத்துத் தூக்கினாள்.

“பனிங்க. கண்ணு தெரியல.”

யாரும் அதை ஒரு பேச்சாக எடுக்கவில்லை. பனி இருந்ததும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் பனிக்குள்தான் இருக்கிறோம். வீட்டு வாசலில் நின்றால் கோழிக் கூண்டு தெரியும், அதற்கு அப்பால் வெள்ளை. ரோட்டில் நடந்தால் கால் வைக்கும் இடம் தெரியும், இரண்டு பக்கமும் வெள்ளை. ஓரங்கள் தெரியாமல் நடப்பது எங்களுக்குப் பழக்கம். சமவெளியில் இருப்பவனுக்கு ஓரம் வெளுத்தால் பயம் வரும். அப்புத்தளைக்காரன் ஸ்வெட்டரைத் தேடுவான்.

மணி அடிக்காத இயந்திரம்

பக்க ஒழுங்கு வேலை முழுவதும் என்னுடையது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பல்கலைக்கழகம் ஒரு கையேடு கொடுத்திருந்தது. கட்டுவதற்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். இரட்டை வரி இடைவெளி. எழுத்தின் அளவு பன்னிரண்டு. முன்பக்கங்களுக்கு ரோம எண்கள், அத்தியாயம் ஒன்றிலிருந்து சாதாரண எண்கள். பக்க எண் கீழே, வலது மூலையில்.

இப்படித் தெளிவாக விதிகள் எழுதி வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆபீஸில் நான் முதலில் பழகியது தட்டச்சுப் பொறி. அதில் வரி முடியப்போகும்போது, ஓரம் நெருங்குகிறது என்று ஒரு சின்ன மணி அடிக்கும். கையைத் தூக்கி, தாள் சுற்றிய வண்டியைத் தள்ள வேண்டும். கணினி வந்தபோது எனக்கு முதலில் குறையாகத் தெரிந்தது அந்த மணி இல்லாததுதான். ஓரம் வந்தால் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை.

மாஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். நான் திருத்துவேன். சில வேளை அவரே மவுஸைப் பிடிப்பார். அப்போதெல்லாம் ஒரே கேள்வி.

“அம்பு எங்க போச்சு சரசு?”

“அந்தா, மேல நிக்குது.”

“எங்க மேல?”

“தலைப்புக்குப் பக்கத்துலங்க.”

“ஆ... ஆம்புட்டுருச்சு. இது எலியா, மொசலா? ஓடிக்கிட்டே இருக்கு.”

மவுஸ் பழுது என்று முடிவு செய்தோம். பண்டாரவளையில் புதிது வாங்கினோம். அம்பு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கணினி பழையது, மெதுவாக வேலை செய்கிறது என்று அடுத்த முடிவு.

வாசிக்கும்போது வரி முடிவில் ஒரு சொல்லை விட்டுவிடுவார். முதல் மூன்று அத்தியாயங்களைப் பழைய எழுத்துருவில் அடித்துப் பின்னர் புதிய முறைக்கு மாற்றியிருந்தோம். மாற்றும்போது சில எழுத்துகள் சிதறியிருந்தன. சொல் விடுபடுவதும் அதனால்தான் என்று நினைத்தேன். அவர் விட்ட சொற்கள் திரையில் ஒழுங்காகத்தான் இருந்தன. அதைக் கண்டபோதும், களைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு திரையைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். வரிகள் திரைக்கு வெளியே ஓடின.

கண்ணில் ஏதோ கோளாறு என்று ஏன் தோன்றவில்லை என்று இப்போது கேட்பீர்கள். தோன்றியது. பண்டாரவளையில் மூக்குக் கண்ணாடி மாற்றினோம். கடைக்காரர் சுவரில் தொங்கிய எழுத்துகளைக் காட்டினார். மாஸ்டர் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை வாரப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர் அவர். அதை வாசிக்கிறவருக்குக் கண்ணில் என்ன?

ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மவுஸ், எழுத்துரு, செருப்பு, பனி. எல்லாம் நம்பக்கூடிய காரணங்கள். நான் ஒழுங்கானவள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

வல்லாரைச் சம்பல்

பக்க எண் விஷயத்தில் ஒரு சண்டையே வந்தது. ஒரு அத்தியாயத்தை வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துக் கையில் கொடுத்திருந்தேன். புரட்டிக்கொண்டே வந்தார்.

“பக்க எண் போடலியே.”

“போட்டிருக்கேங்க.”

“எங்க? ஒண்ணையும் காணோம்.”

“கீழ, வலது மூலையில.”

தாளைத் தூக்கி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட, இங்க வந்து ஒளிஞ்சிருக்கா? நடுவுல போட்டா என்னவாம்?”

“கையேட்டுல வலது மூலைன்னு இருக்கு.”

“கையேடு எழுதினவனா வாசிக்கப் போறான்? நான்தானே வாசிக்கப் போறேன்.”

“நடுவுல போட்டா திருப்பி அனுப்பிருவாங்க.”

“சரிங்க டைப்பிஸ்டம்மா. ஒங்ககிட்ட அப்பீல் ஏது?”

அடுத்த வாரம் அடுத்த அத்தியாயத்தைக் கொடுத்தேன். புரட்டினார். “என்ன சரசு, பக்க எண் போடலியே?”

நான் எரிச்சலோடு பேனாவால் மூலையைத் தட்டிக் காட்டினேன். மூன்றாம் தடவையும் அதே கேள்வி வந்தபோது எரிச்சல் போய்ப் பயம் வந்தது. ஞாபகம் குறைகிறதோ என்று. அவருடைய தகப்பனுக்குக் கடைசிக் காலத்தில் அப்படி ஆகியிருந்தது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? வல்லாரைக் கீரை வாங்கிச் சம்பல் செய்தேன். ஞாபகத்துக்கு நல்லது என்பார்கள். கிழமையில் மூன்று நாள் கட்டாயம்.

“என்ன சரசு, என்னை ஆடாக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். தேங்காய்ப்பூ கூடப் போட்டு, எலுமிச்சம்புளி விட்டு, நன்றாகத்தான் செய்திருந்தேன்.

அப்போது ஆய்வின் மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. கோபமாகப் பேசும் மனிதர் அல்ல அந்தப் பேராசிரியர். அன்று குரல் மாறியிருந்தது.

“மாஸ்டர், நான் ஓரத்தில போட்ட குறிப்பு ஒன்றையுமே நீங்கள் கவனிக்கவில்லையே. பிறகு எதற்கு நான் இரவிரவாக இருந்து வாசித்தேன்?”

“சேர், குறிப்பு ஒண்ணும் வரலியே” என்றார் மாஸ்டர். உண்மையாகத்தான் சொன்னார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். திரையைச் சிறிதாக்கியதும் வலப்பக்க ஓரம் முழுவதும் சிவப்புப் பெட்டிகள், பக்கத்துக்குப் பக்கம். ஒவ்வொன்றிலும் பேராசிரியரின் குறிப்பு. நாங்கள் பெரிதாக்கி வைத்திருந்ததால் அவை திரைக்கு வெளியே போயிருந்தன. நானும் மாஸ்டர் சொன்ன இடங்களை மட்டும் திருத்திக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

“பெருசாக்கி வச்சிருந்ததால வந்த வினை” என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டோம். திரையைச் சிறிதாக்கி எல்லாக் குறிப்புகளையும் நான் வாசித்துச் சொல்ல, மாஸ்டர் திருத்தம் சொன்னார். சிறிதாக்கிய திரையிலும் அந்தச் சிவப்புப் பெட்டிகளை அவர் ஒருமுறை கூடத் தானாகக் காட்டவில்லை. நான் வாசிக்கிறேன்தானே, அவர் ஏன் பார்க்க வேண்டும்?

பதுளையில் நடுப்பகல்

நசீர் நானாவின் கடை பதுளை பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். அச்செடுப்பது, போட்டோக்கொப்பி, புத்தகம் கட்டுவது எல்லாம் அங்கேயே. முன்பக்கம் முழுவதும் திறந்த கடை. பதுளை எங்கள் ஊரைவிடத் தாழ்வு, வெயில் ஊர். அன்று நடுப்பகலில் தார் ரோட்டிலிருந்து சூடு எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன்.

“வாங்க மாஸ்டர். எத்தனை புத்தகம்? கறுப்பு அட்டையா, நீலமா?”

“கையேட்டுல கறுப்பு நானா. எழுத்து தங்க நிறம்” என்றேன்.

“தங்கச்சி வந்தா கையேடும் வந்துரும்” என்றார் நானா.

தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சூடாக இருந்தன. மாஸ்டருக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். முதல் அத்தியாயத்தை மடியில் வைத்துப் புரட்டினார். முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் போனது. தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்:

“பனி எறங்கிருச்சு போல. நானா, அந்த லைட்டக் கொஞ்சம் போடுங்களேன்.”

நானா பெரிதாகச் சிரித்தார். “தங்கச்சி, மாஸ்டர் அப்புத்தளைப் பனியப் பையில போட்டுக் கொண்டாந்துட்டாரு! பதுளையில பகல் பன்ரண்டு மணிக்குப் பனியாம்!”

மாஸ்டரும் சிரித்தார். பகிடி என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் கை தாளை இன்னும் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தபடியே இருந்தது.

அவர் மடியில் வெயில் விழுந்திருந்தது. தாளின் நடுவிலும் விழுந்திருந்தது, ஓரத்திலும் விழுந்திருந்தது.

கானுக்குள் விழுந்தது, ஓடிப்போகும் அம்பு, வரிக் கடைசிச் சொல், சிவப்புப் பெட்டிகள், காலையில் தவறவிட்ட படி. ஒவ்வொன்றையும் நான் வைத்திருந்த இடத்திலிருந்து எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என்னாங்க, இந்தப் பக்கத்துக்கு என்ன எண் போட்டிருக்கு?”

கீழே பார்த்தார். நடுவில் பார்த்தார். “போடலியே” என்றார்.

“வலது மூலையிலங்க.”

“ஆமால்ல, வலது மூலைன்னு சொன்ன” என்று தலையைத் திருப்பித் தேடினார். தாளைத் தாண்டி, தன் முழங்காலைத் தாண்டி, தரையில் தேடினார். பிறகு மெதுவாகத் திரும்பி வந்து எண்ணைப் பிடித்தார். “நாப்பத்தி மூணு” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“சரசு, இப்ப பனி இல்லியா?”

“இல்லீங்க.”

“கொஞ்சம் கூட இல்லியா?”

நசீர் நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “தங்கச்சி, புதன்கிழமைதான் கண் டொக்டர் வாற நாள். கீழ ரோட்டுல. எங்க உம்மாவ அங்கதான் காட்டினோம். நான் போன் போட்டு ஒரு நம்பர் எடுத்துத் தாறேன்” என்றார். “புத்தகம் எங்கயும் போவாது. நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க.”

கறுப்பும் வெள்ளையும்

டொக்டர் ஒரு சிங்களப் பெண். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் பேசினார். மாஸ்டரின் முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். அதற்குள் அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

நான் பின்னால் நின்றேன். பொத்தான் சத்தம் கேட்டது, பிறகு நீண்ட நேரம் கேட்கவில்லை, பிறகு ஒருமுறை கேட்டது. தெரியாத இடத்தில் புள்ளி வந்து போவது அவருக்குத் தெரியாது. அவர் அமைதியாக, நல்ல மாணவனைப் போலக் காத்துக்கொண்டிருந்தார்.

முடிவை ஒரு தாளில் எடுத்து மேசையில் வைத்தார் டொக்டர். நடுவில் ஒரு வெள்ளை. அதைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்பு. அகலமான ஓரம் விட்ட ஒரு பக்கம் போல இருந்தது.

“கண்ணுல அழுத்தம். வலி இருக்காது, அதனாலதான் யாரும் நேரத்துக்கு வாறதில்ல” என்றார். “ஓரம்தான் மொதல்ல போகும். நடு நல்லா இருக்கும். நடுவால பாத்து எல்லாம் தெரியுதுன்னு நெனைப்பாங்க.”

“போனது திரும்பி வருங்களா?” என்று கேட்டேன்.

“வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம். ஒவ்வொரு நாளும் ராவைக்குச் சொட்டு மருந்து. ஒரு நாளும் விட வேணாம். ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்ன வந்திருந்தா...” என்று நிறுத்தி, “வீட்டுல யாரும் ஒண்ணும் கவனிக்கலியா?” என்று கேட்டார்.

மாஸ்டர்தான் பதில் சொன்னார். “கம்பியூட்டர் கோளாறுன்னு நெனச்சோம் டொக்டர்.”

டொக்டருக்குப் புரியவில்லை. மாஸ்டர் விளக்கவும் இல்லை.

அந்த இரண்டு மூன்று வருடமும் நாங்கள் ஆய்வேட்டில்தான் இருந்தோம். ஒன்றரை அங்குலம், ஒரு அங்குலம் என்று தாளின் ஓரத்தைத் தினமும் அளந்தேன். ஒரு பக்கத்தில்கூடப் பிழை விடவில்லை.

எழும்பும்போது மாஸ்டர் கேட்டார், “டொக்டர், என் புத்தகத்த நான் வாசிக்கலாமா? எழுத்தப் பெருசாக்கிக்கிட்டா?”

“பெருசாக்க வேணாம். பெருசாக்கினா எல்லாம் ஓரத்துக்குப் போயிரும், ஒங்களுக்கு ஓரம்தானே இல்ல? வரிய நீட்டமா வைக்காம கட்டையா வைங்க. நடுவுல வர்ற மாதிரி. நியூஸ் பேப்பர்ல இருக்கிற மாதிரி.”

வாரப் பத்திரிகையை அவர் ஏன் ஒரு வரி விடாமல் வாசித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பண்டாரவளைக்கு மேலே

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானா கறுப்பு அட்டையில் தங்க எழுத்தில் கட்டித்தந்தார். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பக்க ஒழுங்கில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. பட்டமளிப்பு மேடையில் படி ஏற அவருக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சொட்டு மருந்து இன்னும் தொடர்கிறது. நடு இன்னும் நன்றாக இருக்கிறது. பாக்கியம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, புத்தகத்தில் தன் மாமியாரின் தாலி இருக்கும் இடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கத்தை மாஸ்டர்தான் வாசித்தார். ஆனால் கறுப்பு அட்டைப் புத்தகத்திலிருந்து அல்ல.

அந்தப் புதன்கிழமைக்கே திரும்புகிறேன். மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். மருந்துப் பொட்டலம் என் கையில். புதுச் செருப்பு வாங்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஹாலிஎலை போனது, தெமோதரை போனது. பண்டாரவளையில் சனம் இறங்கி, பஸ் காலியாகி, மேலே ஏறத் தொடங்கியது. குளிர் வந்தது. நான் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு அவருடையதையும் கொடுத்தேன்.

சாரதி முன்விளக்கைப் போட்டார். தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரோட்டோரக் கற்கள் மறைந்தன. மாஸ்டர் ஜன்னல் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“சரசு, இது பனிதானே?”

“ஆமாங்க. பனிதான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துத்தான் சொல்றேன். எனக்கும் ஒண்ணும் தெரியல.”

அதைக் கேட்டதும் மூச்சை விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று இரவு முதல் சொட்டு மருந்தை நான்தான் விட்டேன். இரண்டு சொட்டு கன்னத்தில் ஓடியது.

மறுநாள் வியாழக்கிழமை. எழுந்ததும் அடுப்பை மூட்டவில்லை. கோழிக் கூண்டையும் திறக்கவில்லை. கணினியின் துணியை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தேன். அதற்கு இன்னொரு பிரதி எடுத்து, ‘மாஸ்டருக்கு’ என்று பெயர் வைத்தேன். இடது ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினேன், வலது ஓரத்தையும் தள்ளினேன். அலுமாரியிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, அதன் ஒரு பத்தி அகலத்துக்கு வரும்வரை தள்ளிக்கொண்டே போனேன். பொருளடக்கம் குலைந்தது. அட்டவணைகள் உடைந்து சிதறின. பக்கங்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. வெளியே கோழிகள் கத்தத் தொடங்கிவிட்டன. எழும்புவதற்கு முன், வலது மூலையில் இருந்த பக்க எண்ணை எடுத்துக் கீழே நடுவில் வைத்தேன்.